மீட்டரில் ஏறாத தூரம்

மணலியில் லாரிகளை நிறுப்பது என் வேலை.
முதலில் வெறும் வண்டி, பிறகு பாரத்தோடு.
கழித்தால் வருவது கணக்கு.

ஏலத்தில் எடுத்த ஜீப்பையும்
ஒரு ராத்திரி ஷிஃப்டில் மேடையேற்றினேன்:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ,
துருவையும் சேர்த்து.

மூன்று வேலை சொல்லியிருந்தேன் அதற்கு.
தினமும் கொருக்குப்பேட்டையிலிருந்து மணலி.
லீவு கிடைத்தால் நாகலாபுரத்துக் கல்தடம்.
என்றைக்காவது
தார்ப்பாயும் ஸ்டவ்வுமாக வடக்கே,
ரோடு தீர்கிற வரைக்கும்.

"மூணு பேரைக் கட்டிக்கினா மாதிரி மேடம்,"
என்றார் வெல்டர் யேசுபாதம்.
"ஒருத்தனுக்கு ஆக்குனா
இன்னொருத்தனுக்குக் காரம்."

மலைக்காக மூன்று அங்குலம் தூக்கினோம்.
மலைக்காக முப்பத்தொன்று இஞ்ச் டயர்;
கான்கிரீட்டில் அது மாவு மில்லாகக் கத்தியதில்
பக்கத்து சீட்டில் தங்கை தமயந்தி
பேச்சை விட்டு ஜாடைக்கு மாறினாள்.
மலைக்காக இரும்பு பம்பர், வின்ச்,
மேலே கேரியர், இன்னொரு பேட்டரி,
நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி,
ஆற்றில் இறங்கினால் மூச்சுவிட ஸ்நார்கெல்.
அடியில் பூசிய கறுப்பு மட்டும்
எண்ணூர்க் காற்றுக்காக.
அது இரும்பைத் தின்னும்போது
மெல்லும் சத்தம் கேட்காது.

மறுபடி மேடை:
ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
கழித்துப் பார்த்தேன்.
முந்நூற்று எழுபது கிலோ மலை
தினமும் என்னோடு
வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

மலைக்கு வருஷத்தில் நான்கு நாள்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு
தினம் இரண்டு தடவை.
முன்னால் மீன்பாடி வண்டி, பின்னால் தண்ணி லாரி,
நடுவில் ஹாஃப் கிளட்சில் நடுங்கும் என் இடது முட்டி.
எந்தப் பாறையும் இப்படிக் கேட்டதில்லை:
எதற்கு இத்தனையும்?

தொட்டி இறங்கியது.
கேரியரை நாலு போல்டில்
போட்டு எடுக்கிற மாதிரி ஆக்கினோம்.
பின்பக்கம் ஒரு பட்டையை உருவினார்;
எக்ஸ்பிரஸ் ரோட்டுக் குழிகள்
கொஞ்சம் மரியாதையாகப் பேசின.
"இந்தத் தும்பிக்கையையும் எடுத்துடவா?"
நாலு கிலோதான், இருக்கட்டும் என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளம்.
எடைமேடைமேல் முழங்கால் தண்ணீர்;
அதை நிறுக்கப் பார்த்து
திரையில் எண்கள் குழம்பின.
சடையங்குப்பம் போகும் ரோட்டை
கரண்ட் கம்பங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
லோ கியர். காலை எடுக்காமல், வேகம் மாற்றாமல்.
தண்ணீரின்மேல் எண்ணெய்
ஏழு நிறமாக விலகி வழிவிட்டது.
பின்னால் வாட்ச்மேன் கஜபதி,
அவர் வீட்டார் ஆறு பேர்,
ஒரு டிவி, இரண்டு ஆடு.
ஆடுகள் மட்டும் பேசின.
ஆற்றுக்கென்று வாங்கிய மூக்கு
தெருவில் மூச்சுவிட்டது.

அன்றைக்கு எடை பார்க்கவில்லை.

தையில் நாகலாபுரம் போனோம்.
இரண்டாவது திருப்பத்தில் ஒரு கல்
வண்டியின் வயிற்றைக் கீறி நிறுத்தியது.
வின்ச் கயிற்றை நான் அவிழ்ப்பதற்குள்
தமயந்தி இறங்கி
நான்கு டயரிலும் பாதிக் காற்றை விட்டாள்.
ஏறிவிட்டது.
இறக்கியதிலேயே உருப்படியானது
காற்றுதான்.
அதற்கு என் மேடையில் எண் விழாது.

பெரிய டயர் போட்டதிலிருந்து
மீட்டர் குறைத்துத்தான் சொல்கிறது.
முள் நாற்பதில் நிற்கும்போது
நான் நாற்பத்து நான்கில் போகிறேன்.
நூறு கிலோமீட்டர் ஓடினால்
பத்து எதிலும் ஏறுவதில்லை.
ஒரு பல்சக்கரம் மாற்றினால் சரியாகிவிடும் என்று
யேசுபாதம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஒரு கிலோவைக்கூட விட்டுக்கொடுக்காதவள் நான்.
இதை மட்டும்
அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று
தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கேட் மூடியிருக்கிறது.
இஞ்சினை அணைத்துவிட்டு
கூட்ஸ் பெட்டிகளை எண்ணுகிறேன்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
நடுவில் மீன்பாடிக்காரர் ஏதோ கேட்டார்,
எண்ணிக்கை விட்டுப்போனது.