ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

தோலோன் கணவாயின் ஏழாவது வளைவில்
வண்டி விக்கத் தொடங்கியது.
தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஆடி.
பெயருக்கேற்றபடி ஆடியது.
பின்சீட்டில் மூவர். முதலில் பேச்சை நிறுத்தினார்கள்,
பிறகு மூச்சை.
மடியில் தடுப்பூசிப் பெட்டியோடு முன்னால் இருந்த
கால்நடை மருத்துவர் சாதிர்பேக்,
"இது உறைந்துவிடக் கூடாது" என்றார்,
பெட்டியைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு.
இறங்கி நடந்தார்கள். பாரம் குறைந்த வண்டி
அவர்களுக்குப் பின்னால்
நொண்டி ஆடாக வந்தது.
யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாரின் சந்தைக்குப் பின்புறம்,
கப்பலே பார்க்காத ஊரில் கப்பல் கன்டெய்னர்கள்.
பதினான்காம் எண் அப்திகாலிக்கின் கடை.
பழைய பிளக் நான்கையும்
ஒற்றைக் காலுறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.
மேசையில் கொட்டினான். திருப்பினான். முகர்ந்தான்.
மூன்று, பிஸ்கட் நிறம்.
மூன்றாம் சிலிண்டருடையது மட்டும்
நனைந்த அடுப்புக்கரி, பெட்ரோல் வாடை.
"ஜூராகான், பிளக்தான் போச்சு."

வரிசையாக வைத்தான்.
செம்புக் கரு, நூற்றிருபது சோம்.
பிளாட்டினம், முந்நூற்றைம்பது.
இரிடியம், எழுநூறு, ஊசிமுனை,
லட்சம் கிலோமீட்டர் என்று பெட்டி சொல்கிறது.
பெட்டி சொல்லும். பெட்டிக்கென்ன,
தோலோன் ஏறப்போவது அதுவா?
இன்னொரு ரகம், பாதி விலை,
கம்பெனிப் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்தது.
அதை அவனே எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

"வயர்?" என்றேன்.
"அப்புறம் பார்க்கலாம்."
கையில் இருந்தது இரண்டாயிரத்து எண்ணூறு.
நாலு எழுநூறு எவ்வளவு என்று
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் வண்டி வெண்ணெய்.
மூன்றாம் நாள் ஈரப்பனி. அதே வளைவு. அதே விக்கல்.

இரவு, வாசல் விளக்கை அணைத்து,
என்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கினேன்.
மூன்றாம் வயரின் இடுப்பிலிருந்து
நீல நூல்கள்
இரும்பைத் தொட்டுத் தொட்டு மீண்டன.
எள் பொரிகிற சத்தம்.
கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்
ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஊசிமுனைக்குப் போகவேண்டிய நெருப்பு
நடுவழியில் இறங்கிக்கொண்டிருந்தது,
காசு கொடுக்காத பயணி மாதிரி.

ஓடின பிளக்கை அப்திகாலிக் திரும்ப வாங்கமாட்டான்.
"தப்பு என்னுடையதும்தான்" என்றான்
விலையைக் குறைக்காமல்.
மூன்று ரக வயர். மூன்றும் கறுப்பு. மூன்றும் சிலிக்கான் என்றே எழுதியிருந்தது.
ஓம் பார்க்க மீட்டரை எடுத்தான்.
மீட்டரின் பேட்டரியே சாகக் கிடந்தது.
"ஒவ்வொன்றிலும் ஒன்றை
இன்றிரவு வெளியே தொங்கவிடு" என்றேன்.

காலையில் மைனஸ் இருபத்தாறு.
முதல் வயரை வளைத்தேன். சேமியாவாக முறிந்தது.
அதற்கும் காசு கேட்டான். இல்லை என்றேன்.
இரண்டாவது, வளைத்தபடியே நின்றது, கேள்விக்குறியாய்.
மூன்றாவது
ஆட்டுக்குட்டியின் காது.
போதும். நோட்டில் எழுதிக்கொள்:
ஜூராகான், வயர் ஒரு செட், ஆயிரத்து நூறு, கடன்.

ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும்.
நான்கையும் ஒருசேரப் பிடுங்கினால்
எது எங்கே என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
பள்ளியில் இப்படி எண்ணியிருந்தால்
அடி விழுந்திருக்கும்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒவ்வொரு மூடியும் டக்கென்று உட்காரும்வரை
கையை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாதிர்பேக் மறுபடி முன்சீட்டில்,
மறுபடி பெட்டி.
ஏழாவது வளைவு வருவதற்குள்
வாய் திறந்து தூங்கிப்போனார்.
பின்னால் உருளைக்கிழங்கு விலை பற்றிச் சண்டை.
வண்டியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய வயர்களில் மூன்று சாக்கில் கிடக்கின்றன.
மிச்சம் ஒன்றால், அந்த மூன்றாவதால்,
கன்றுப் பட்டியின் கதவைக் கட்டியிருக்கிறேன்.
பசு தினமும் வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது.
அப்திகாலிக்குத் தரவேண்டியது இன்னும்
நானூற்றைம்பது.