இரண்டாவது பெயர்

பத்திரிகையில் ஒரு பெயர்தான் வந்தது.
மரியநேசன், தீயணைப்புப் படை, நிரந்தர நியமனம்.
மற்றவன் அமைய ஊழியன்.
சம்பளம் நாட்கணக்கில்,
சாவும் நாட்கணக்கில்தான் போலும்:
அன்றைய திகதிக்கு நேரே
வரவு இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு.

காசும் ஒரு பெயருக்கே வந்தது.
ஸ்காபரோவில் பழைய மாணவர்கள்
கொத்து ரொட்டி விற்றுச் சேர்த்தது,
லாச்சப்பலில் ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில்
பிளாஸ்ரிக் போத்தலில் விழுந்த சில்லறை,
பருத்தித்துறை ஓட்டோக்காரரின் ஒருநாள் உழைப்பு,
எரிந்த மெத்தைக் கடை முதலாளி
காப்புறுதி வரமுன்னரே கொண்டுவந்த நாற்பதினாயிரம்.
அந்த நோட்டில் புகை மணத்தது,
அல்லது எனக்குத்தான்.

கொண்டுபோய்க் கொடு என்று என்னை விட்டார்கள்.
நான் பவுசர் ஓட்டுபவன்.
பற்றுச்சீட்டுப் புத்தகம், காபன் தாள், நீலப் பேனை.
ஸ்ரேரிங் பிடித்த கைக்கு
மூன்றும் வழுக்கின.

வங்கியில் சொன்னார்கள்:
கலியாணப் பதிவில் பெனடிக்ரா,
அடையாள அட்டையில் பெனடிற்றா.
இரண்டும் ஒரே பெண் என்று
கிராம சேவையாளர் கடிதம் தரவேண்டும்.
அவர் செவ்வாயும் வியாழனும்தான்.
செவ்வாய் போயா.
வியாழன் அவருக்குக் கூட்டம்.
பாசையூரிலிருந்து மூன்று தரம்
கைப்பிள்ளையோடு வந்தாள்
தான் தானேதான் என்று நிரூபிக்க.

"அக்கா, இன்னுமொரு ஆள்..." என்று தொடங்கினேன்.
"தெரியும்" என்றாள்.
"அந்தப் பெடியன்ரை மோட்டச் சைக்கிள்ளைதான்
இவர் கடைசியா வேலைக்குப் போனவர்."
பிறகு நெடுநேரம் பேசவில்லை.

பாதியைப் பிரித்துத் தந்தாள் என்று எழுதினால்
கேட்பவர்களுக்கு நல்லாயிருக்கும்.
தரவில்லை.
சீட்டுக் காசு, மூத்தவளின் ரியூசன், தம்பியின் வள்ளக் கடன்
எல்லாம் விரல் மடித்து எண்ணினாள்.
ஞாயிறு பூசை முடியக் கூப்பிட்டு
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் தந்தாள்.
"பற்றுச்சீட்டு எழுதும்" என்றாள்,
"இது கடன் இல்லை எண்டும் எழுதும்."

கொக்குவில்.
தண்டவாளத்துக்குப் பின்னால் ஒட்டுவேலைப் பட்டறை.
நிரோஜனின் தகப்பன்
பாதி முடிந்த கேற்றின் முன் குந்தியிருந்தார்.
கையெல்லாம் கரி. உறையை வாங்கவில்லை.
மேசையில் வையும் என்று நாடியால் காட்டினார்.
"உள்ளுக்கை எவ்வளவு சூடு இருந்திருக்கும், தம்பி?"
இரும்பு எந்த நிறத்தில் இளகும் என்று தெரிந்த மனிதர்.
நுரை மெத்தை, என்றேன்.
புகைதான் முதலில், என்றேன்.
அது ஆறுதலா உண்மையா என்று
எனக்கே தெரியாது.

"தண்ணி?"

ஒன்பது நிமிடம்.
பவுசர் கொள்வது ஒன்பது நிமிடத்துக்குத்தான்.
பிறகு நிரப்பப் போனது நான்.
ஆரியகுளச் சந்தியில் ஒரு கலியாண ஊர்வலம்.
சைரன் போட்டேன்,
மேளம் அதைவிடப் பலமாய் இருந்தது.
விசாரணையில் இதைச் சொன்னேன், வாக்குமூலத்தில் எழுதினேன்.
ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது
அன்றுதான்.

பற்றுச்சீட்டில் 'விபரம்' என்று ஒரு கட்டம் உண்டு.
எதற்காகப் பெற்றது என்று நிரப்பவேண்டும்.
பேனை அதற்கு மேலே நின்றது.
அவர் கீழே கையெழுத்தை வைத்தார்,
கட்டத்தை அப்படியே விட்டார்.
பெருவிரல் கரி காபனைத் தாண்டி
மூன்றாம் தாள்வரை போயிருந்தது.

கேற்று பின்னேரம் கொடுக்கவேண்டியது.
ஒட்டுக்கோலை எடுத்தார்.
போகவா இருக்கவா என்று தெரியாமல் நான் நிற்க
லாச்சிக்குள் கையை விட்டு
இன்னொரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.
அதன் பட்டி
யாரோ ஒருவரின் தலை அளவுக்கு இறுக்கியிருந்தது.
"போடும் தம்பி" என்றார்,
"கண் பழுதாப் போயிடும்."