பத்து முதல் நாலு வரை

அரவேணு தேயிலை ஆலை, இரவு ஷிப்டு.
போஜன் கையெழுத்திட்ட கடிதம் சட்டைப்பையில்:
பத்து முதல் நாலு வரை
தட்டிப் பார்க்கலாம், உடைக்கக் கூடாது.

அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள்.
ஒவ்வொன்றாய்த் தட்டுகிறது மடிக்கணினி.
மௌனம். மௌனம். மறுப்பு.
எடைமேடைக் கணினி மட்டும்
யாரென்று கேட்காமல் திறந்தது.
கடவுச்சொல்
ஒன்று இரண்டு மூன்று நாலு.

ஆறு மாதப் படிப்பில்
இதுதான் முதல் நிஜக் கதவு. துள்ளினேன்.
உள்ளே இலை போட்டவர்கள் பெயர்கள், கிலோக் கணக்கு.
அம்மாவும் இருந்தாள்:
லிங்கி, பதினெட்டு.
இருபதாக்க ஒரு விரல் போதும்.

விரலை மடக்கிக்கொண்டேன்.
படம் பிடித்து நேரம் குறித்தேன்,
இரண்டு நாற்பது.

வெளியே கான்டீன் கதவைக்
கரடி தள்ளிப் பார்க்கிறது.
அதனிடம் கடிதம் இல்லை.
அறிக்கையில் அதையும் எழுதலாமா,
போஜனைக் கேட்கணும்.