வளைவுக் கணக்கு

ஒன்பது நாள் கப்பலில் கிடந்துவிட்டு
செவ்வாய்க்கிழமை காலை பினாங்கில் இறங்குகிறார்கள்.
அருளப்பன், எழுபத்து நான்கு.
பிலோமினா, வயதுக் கட்டத்தில் ஒரு கோடு.
ஊர் தூத்துக்குடி.
என்னுடையது ஏழு பேர் உட்காரும் காடி,
இரண்டு பேருக்கு அது அதிகம் என்றேன்.
"கால் நீட்டத்தானே, தங்கச்சி" என்றார் அம்மா.

நடுக்கடலில் லைன் கிடைக்கும்போதெல்லாம்
குரல் செய்தி வரும்.
ஐயா, குளியலறைக்குள் இருந்து பேசுவதுபோல:
"கடல் தெரியாத பாதையாப் பாரும்மா.
முப்பத்தொரு வருஷம் துறைமுகத்துல மூட்டை எண்ணினவன்,
மேற்கொண்டு ஒம்பது நாள். போதும். மலை காட்டு.
அவகிட்ட சொல்லிராத,
கப்பல் அவ ஆசை."

அம்மா, பின்னால் தட்டுகள் உருளும் சத்தத்தோடு:
"கடலை விட்டு விலகாமப் போகணும்.
காசை மிச்சம் பிடிக்கிறேன்னு
ஜன்னல் இல்லாத அறையைப் போட்டுட்டார் மனுஷன்.
ராத்திரி பூரா சுவரைப் பார்த்துத்தான் படுத்தேன்.
அவர்கிட்ட சொல்லிராத."

இருவரும் சேர்ந்து கேட்டது ஒன்றே ஒன்று:
வளைவு எத்தனை?
அவருக்குக் கழுத்தெலும்பு, அம்மாவுக்குத் தலைசுற்றல்.

பெட்ரோல் ரசீதின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பாலம் தாண்டினால் நெடுஞ்சாலை,
அடித்துவைத்த கோடுபோல.
செம்பனை, செம்பனை, டோல், மறுபடி செம்பனை.
அதைக் காட்டிக் காசு வாங்கினால்
எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம்தான் தோன்றியது.
தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங்.
போகும் திசையில் கடல் வலப்பக்கம்,
மலை இடப்பக்கம்.
அம்மாவை என் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தால்,
ஐயாவை அந்தப் பக்கம் உட்காரவைத்தால்,
ஒரே டயரில் இரண்டு பயணம்.
அன்றிரவு எனக்கு நானே
ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஆனால் அணைக்கட்டைத் தாண்டினால் சாலை மலையேறும்.
திங்கட்கிழமை வெறும் காடியோடு போய் எண்ணினேன்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும் விரல் மடக்கி,
பழக்கடை வரை ஐம்பத்தெட்டு;
அங்கே ஒரு குரங்கு குறுக்கே வந்து
கணக்கைக் கலைத்துவிட்டது.
திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ண மனமில்லை.
கழிவறைகளையும் குறித்துக்கொண்டேன்.
இரண்டில் தாழ்ப்பாள் இல்லை.

செவ்வாய்.
துறைவாசலில் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்தார்கள்.
"ஆடுதே" என்றார் ஐயா.
"உங்களுக்குமா?" என்றார் அம்மா.
ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு
கெட்டித் தாரின் மேல்
அலைக்கு நடக்கிற நடை நடந்து வந்தார்கள்.
உட்காரவைத்தேன், திட்டப்படி.

கர்னி முடியவில்லை,
இருவரும் தூங்கிவிட்டார்கள்.

வாய் திறந்த தூக்கம்.
வலப்பக்கம் கடல் தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டு வந்தது,
ஒரு மீன் படகு, இரண்டு பாராசூட்டுகள்.
இடப்பக்கம் மலை, யாரும் கேட்காத பச்சை.
கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு.
ஹார்ன் அடிக்கலாமா என்று நினைத்தேன்.
புகைப்படத்துக்கென்று குறித்த இடத்தில்
வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
கண்ணாடியில் அதே இரண்டு வாய்கள்.
சரி என்று விட்டுவிட்டேன்.

மலை தொடங்கியது.
இடப்பக்கம் திரும்பினால்
ஐயாவின் தலை சரிந்து அம்மாவிடம் போகிறது.
வலப்பக்கம் திரும்பினால்
அம்மாவின் தலை ஐயாவின் தோளுக்கு வருகிறது.
போகிறது, வருகிறது.
நான் பயந்து விரல் மடக்கி எண்ணிய வளைவுகள்.
இந்த முறை எண்ணவில்லை.
ஒன்றிரண்டை வேண்டுமென்றே
கொஞ்சம் அகலமாகத் திருப்பினேன், கேட்டால் மறுப்பேன்.

பாலேக் பூலாவில் எஞ்சினை நிறுத்தியதும்
அமைதி தட்டி எழுப்பியதுபோல் விழித்தார்கள்.
அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு,
"எத்தனை வளைவு வந்துச்சு?"
"நேர் ரோடுதான், அம்மா."

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார்.
சட்டைத் தோளில் அப்பியிருந்த பவுடரைப் பார்த்தார்.
தட்டவில்லை.
லக்சா எந்தக் கடையில் நல்லாயிருக்கும் என்று கேட்டார்.