சேர்த்தெழுதுக

அதிகாலை இரண்டே முக்கால். கிளாக்ஸ்விக் துறைமுகம்.
மீன் ஏலக்கூடத்தின் மாடியில் மார்யுன்,
காலடியில் ஒரு ஹீட்டர்,
எதிரே பொய்யும் சொல்லாத உண்மையும் சொல்லாத நிரல்.

லோமுர் என்ற படகு
நாற்பத்தொரு பெட்டி ஹாடக் இறக்கியிருக்கிறது.
எடைச்சீட்டு மேசைமேல் கிடக்கிறது
ஈரமாய், ஓரத்தில் செதில் ஒட்டி.
ஹாஷிடம் கேட்டால்
பூஜ்ஜியம் என்கிறது.

தெரியாது என்று சொல்லியிருந்தால்
திங்கட்கிழமையே பிடித்திருப்பாள்.
தெரியாததற்கெல்லாம் பூஜ்ஜியம் சொல் என்று
அதைப் பழக்கியது யார்?
அவளேதான். மூன்று வருடம் முன்பு,
ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் படகுக்கு ஓடும் அவசரத்தில்.

சாவிகளை எல்லாம் திரையில் கொட்டுகிறாள்.
இதோ, பதினேழாவது வரி: லோமுர்.
இதுவும் லோமுர் அதுவும் லோமுர்
இரண்டும் ஒன்றா?
இல்லை.

வாலில் வெற்றிடம் ஒட்டியிருக்குமோ,
வரி முறிந்த எச்சம் ஏதும்?
முன்னும் பின்னும் நறுக்கினாள்.
இல்லை.
பெரிய எழுத்து, சின்ன எழுத்து?
இல்லை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
ஒரு முறை திரையைத் திட்டினாள், ஃபாரோ மொழியில்,
அந்த வசவுக்கு இரண்டு எழுத்துத்தான்.

பிறகு நீளம் கேட்டாள்.
பதிவேட்டு லோமுருக்கு ஐந்து.
படகிலிருந்து வந்த லோமுருக்கு ஆறு.

அவர்கள் ஊர் 'ஓ'வுக்குத் தலைமேல் ஒரு சாய்கோடு.
பதிவேட்டில் அது எழுத்தோடு பிறந்தது.
படகுக்காரர்களின் புது டேப்லெட்டோ
எழுத்தைத் தனியே வைத்து
கோட்டைத் தனியே கொண்டுவந்து சாத்துகிறது.
கண்ணுக்கு ஒரே முகம்.
ஹாஷுக்கு ஏது கண்?

இதை எழுதும் எனக்குச் சிரிப்பு.
நான் மேலே தட்டிய 'லோ'வைப் பாருங்கள்:
ஒரே குறியாகவும் இருக்கலாம்,
முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என
இரண்டு துண்டாகவும் இருக்கலாம்.
எது என்று
சத்தியமாக எனக்கும் தெரியாது.

பள்ளித் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா:
பிரித்தெழுதுக. சேர்த்தெழுதுக.
மார்யுன் எழுதியதும் அந்த ஒரு வரிதான்.
உள்ளே போகும் எந்தப் பெயரும்
வெளியே தேடும் எந்தப் பெயரும்
முதலில் சேர்ந்து வரட்டும்.
கூடவே அந்தப் பழைய பூஜ்ஜியத்தையும் அழித்தாள்.
இனித் தெரியாவிட்டால் கத்தட்டும்.

நாற்பத்தொன்று.

ரப்பர் பூட்ஸோடு படியேறி வந்தார் த்ரோந்துர்,
லோமுரின் சொந்தக்காரர்.
என் காசு எங்கே?
உங்கள் கோடு தனியாகக் கழன்று கிடந்தது என்றாள்.
அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

உனக்கு யார் சொன்னது?
படகுக்குப் பெயர் தீட்டியபோது
கோட்டை மறந்துவிட்டேன்.
மறுநாள் மழையில் ஏணி போட்டு
அதை மட்டும் வைத்தேன்.
பெயின்ட்கூட வேறு டப்பா.

ஜன்னலுக்குக் கீழே
படகு கயிற்றில் இழுபட்டு ஆடியது.
மார்யுன் எட்டிப் பார்த்தாள்.
ஆமாம்,
கோடு கொஞ்சம் நீலம்.