கொட்டேஷன்

கோயம்புத்தூர்க்காரன் நாலே முக்கால் லட்சம்.
இத்தாலி மெஷின் பதினொன்று,
தூத்துக்குடியில் இறக்குகூலி தனி.

பீர்முகம்மது அண்ணனுக்கு இத்தாலிதான்.
புனலூரில் அது இழைத்த பலகையில்
கன்னத்தை வைத்துப் பார்த்தாராம்.
எடுக்க மனசில்லையாம்.

கணக்கு என்னிடம்.
ரோலர் தேஞ்சா யாரு கப்பல் ஏறுறது?
கோவை மெஷின்னா தென்காசி லேத்தில் பொன்னுத்துரை
சாயங்காலத்துக்குள் கடைஞ்சு தருவான்.

மாசம் மாசம் கடைவான், அதையும் சொல்லு.

தையும் மாசியும் பேசியே போயின.
செங்கோட்டையில் பழைய மெஷின்
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

நேற்று, புளியரைச் செக்போஸ்ட்டில் விடிய விடிய நின்று
கொச்சி லாரி வந்தது. கானா தேக்கு.
வெட்டுமுகத்தில் சாக்பீஸ் எண்,
பட்டையில் ஒட்டிய செம்மண்.

அண்ணன் நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.
நான் கொட்டேஷன் இரண்டையும் நீட்டினேன்.
அவர் மரத்தைத் தட்டினார்:
இதுக்கு ஸ்பேர் கேக்காதுல்லா.