நவம்பரில் அவர் உயிரோடிருக்க வேண்டும்

ஒன்பதாயிரம்.
மாதம் பிறந்தால் மண்டபம் வங்கியில்
என் பேரில் விழும்.
ராமநாதபுரம் கோர்ட்டில்
அவர் பென்சனை மூன்றாகப் பிரித்தார்கள்.
ரெண்டு பங்கு
பாலத்துக்குக் கிரீஸ் போட்ட கைக்கு.
ஒரு பங்கு
சட்டையிலிருந்து அந்தக் கிரீஸைத் தேய்த்தெடுத்த கைக்கு.

காத்து ஏறிய ராத்திரிகளில்
லாந்தரோடு தண்டவாளம் பார்க்கப் போனவருக்காக
இருபத்திரண்டு வருசம்
நான் சுடவைத்த சோறு
அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் ஏறவில்லை.

வக்கீலம்மா படியிறங்கும்போது சொன்னார்:
"அவர் இருக்கிறவரைதான் இது.
அப்புறம் குடும்ப பென்சன்னு கேக்க முடியாது.
நீங்க இப்ப குடும்பம் இல்ல."

சேர்ந்திருந்த காலத்தில்
இந்த ஆள் தொலையட்டுமென்று
அம்மன் கோயில் மரத்தில் ஒரு மஞ்சள் துணி முடிந்தேன்.
போய் அவிழ்க்கலாம்தான்.
அத்தனை முடிச்சில்
என்னுடையது எது?

ஜனவரியில் பணம் விழவில்லை.
வாடை மணலை வாரி அடிக்க
பாம்பனுக்கு பஸ் ஏறினேன்.
செத்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.
சொல்லியிருப்பார்களா?

நம்புராஜன்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தார்.
"நவம்பர்லயே மூணு தடவ போனேன்.
கட்டைவிரல மிஷின் எடுக்கல.
ரேகையே இல்லையாம்."
கொஞ்சம் பொறுத்து,
"நானே இல்லையாம்" என்றார்.

பொதுச்சேவை மையத்துப் பெண் என்னைக் கேட்டாள்:
"நீங்க அவருக்கு என்ன வேணும்?"
உயிரோடு வேணும்
என்று வாய்வரை வந்தது.
"தெரிஞ்சவங்க" என்றேன்.

பக்கத்துக் கடையில் ஒரு எலுமிச்சை வாங்கினேன்.
நண்டுக் கம்பெனியில்
ஓடு கீறித் தேய்ந்த எங்கள் விரல்களை
வருகை மிஷின் தள்ளும்போது
நாங்கள் செய்வதுதான்:
பாதி மூடியைப் பிழிந்து, அழுத்தித் தேய்த்து,
முந்தானையில் ஈரம் ஒற்றி
சூடேறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

ஒன்பது வருசம் கழித்து அந்தக் கை.
நகத்தடியில் இன்னும் கறுப்பு.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை சிவப்பு.
ரெண்டாம் தடவை சிவப்பு.
"அழுத்தாதீங்க, சும்மா வைங்க" என்றாள் அந்தப் பெண்.
எனக்கும் சேர்த்துத்தான்.

பச்சை.
உயிரோடிருக்கிறார் என்று
ஒரு தாள் வந்து விழுந்தது.
அச்சடிக்கப் பதினைந்து ரூபாய்.
யார் கொடுப்பதென்று
ரெண்டு பேரும்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.